றஸ்மியாவின் கணினியில் இன்னொரு பெயர்

மாத்தளை றஸ்மியா கணினி வாங்கியதே, கணவன் இத்ரூஸ் கொழும்புக்குப் போய்க் காணாமல்போன பிறகுதான். கடைக்காரர் இன்னும் வெளிவராத புதிய இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்து, எப்படியென்று சொல்லச் சொன்னார். “வடிவாத்தான் ஈக்கிது, ஆமை வேகம்” என்றாள். திரையில் தன் பெயருக்குக் கீழே, தானாக வந்து நின்ற இத்ரூஸின் பெயரைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை. நாமாக எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

தகப்பனின் தம்பி, சாச்சா, கைம்பெண்கள் உடுத்தும் வெள்ளைச் சேலையோடு வந்தார்.

“அவன் மவுத்தாகிட்டான் புள்ள. நாலு மாசம் பத்து நாள் வெள்ள உடுத்து, ஊட்டுக்குள்ளயே இத்தா இரி.”

“யாரு சென்ன? மையித்தக் கண்டீங்களா, அடக்கினீங்களா?”

“ஊரே செல்லுதே!”

“அப்ப ஊரையே இத்தா இரிக்கச் செல்லுங்க!”

விசைப்பலகையைக் கழற்றி, சாச்சாவின் மடியிலிருந்த சேலையின்மேல் வைத்தாள்.

திரையில் இத்ரூஸின் பெயருக்கு நேரே, கடவுச்சொல்லின் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின.