ஊர் சம்மதம்

பழைய கோட்டை வாசலின் இடுக்குகளில் பல்லிகள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தன. ஒருநாள் நகராட்சித் தலைவர் நரி, எழுத்தர் பூனையோடு வாசலுக்கு அடியில் வந்து நின்றது.

"இதை இடித்துவிட்டுக் கடை கட்டலாம். ஊர்க்காரர்களைக் கேட்டாயிற்றா?"

"இங்கே யார் இருக்கிறார்கள், ஐயா, கேட்பதற்கு?"

மேலே இருந்த செங்கமலம் என்ற பல்லிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "நாங்கள் இருக்கிறோமடா, படுபாவிகளா!" என்று கத்தியது.

பூனையின் காதில் 'த்ச், த்ச்' என்றுதான் விழுந்தது. "பல்லியே சொல்லிவிட்டது, ஐயா! ஊர் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறேன்."

செங்கமலம் தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. "பேசியது போதும். எல்லோரும் குதியுங்கள்!"

முதலில் அதுதான் நரியின் உச்சந்தலையில் பொத்தென்று விழுந்தது. பின்னாலேயே மற்ற பல்லிகளும் மழையாய் விழுந்தன.

"ஐயோ, தலையில் பல்லி! குடும்பத்துக்கே ஆகாது!" என்று அலறிக்கொண்டு நரி ஓடியது. பூனையும் காகிதத்தைப் போட்டுவிட்டு ஓடியது.

அந்தக் காகிதத்தின் மேல் ஏறி நின்று செங்கமலம் கத்தியது: "இன்னொரு முறை வந்து பாருங்களடா!"