குறி போடாத நாற்காலி

வாசலில் இரண்டு வண்டிகள் நிற்கின்றன, ஒன்று அண்ணன் வீட்டுக்கு, இன்னொன்று தங்கை வீட்டுக்கு. வட்டம் போட்ட சாமான் அவனுக்கு, பெருக்கல் குறி போட்டது அவளுக்கு என்று காலையிலிருந்து சாக்பீஸும் கையுமாக அலைந்து பிரித்துவிட்டார்கள். பீரோ நின்ற இடத்தில் மட்டும் சுவரின் பச்சை மங்காமல் பளிச்சென்று இருக்கிறது. காலியான கூடத்தில் இருமினால்கூட எதிரொலிக்கிறது. நடுவே ஒரே ஒரு நாற்காலி மிச்சம். அதில் அம்மா, மடியில் கைப்பையோடு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருக்கிறாள். சுமை தூக்குபவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நாற்காலியைச் சுற்றி வருகிறார், குனிந்து கால்களைப் பார்க்கிறார்.

“இதுல குறி ஒண்ணும் காணோமே. எந்த வண்டியில ஏத்தணும்?”

அண்ணன் ஜன்னல் கொக்கியை மாட்டுகிறான், கழற்றுகிறான், மறுபடி மாட்டுகிறான். தங்கை அவன் முதுகையே பார்க்கிறாள். சொல்லித் தொலையேன், நீதானே மூத்தவன்.

“உனக்கு எது வசதியோ...” என்று அவன் ஜன்னலிடம் சொல்கிறான்.

அம்மா இருவரையும் பார்க்கவில்லை. கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு, மகள் பக்கம் உள்ளங்கையை நீட்டுகிறாள்.

“அந்தச் சாக்பீஸ இப்படிக் குடு. நானே போட்டுக்கறேன்.”

தங்கையின் கை அதற்குள் முதுகுக்குப் பின்னால் போய்விட்டிருக்கிறது.