மூன்று பேரின் பொதுச்சபை

“கலைச்சுவிடுவம். இனி என்னால ஏலாது,” என்றார் சிறீதரன்.

வருடக்கணக்காகத் தபோதரன் எந்த வார்த்தைக்குப் பயந்திருந்தானோ, அது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தேநீர் ஆறுவதற்குள் வந்துவிட்டது.

ஜெர்மனியின் எசன் நகரில், ஒரு தேவாலயத்தின் பின்பக்க அறையில் ‘தாயகத்தில் மதச்சார்பற்ற சனநாயகத்துக்கான புலம்பெயர்ந்தோர் வலையமைப்பு’ கூடியிருந்தது. மதச்சார்பற்ற அமைப்புக்குத் தேவாலயத்தில் கூட்டமா என்று ஒருகாலத்தில் பெரிய விவாதம் நடந்தது. வேறு எவரும் இடம் தராததால் விவாதம் தானாக ஓய்ந்தது. இப்போது வலையமைப்பு என்றால் தலைவர் சிறீதரன், செயலாளர் பிளோறன்ஸ், உறுப்பினர் தபோதரன். அவ்வளவுதான்.

“ஏன் அண்ணை, திடீரெண்டு?”

“திடீரெண்டோ? நேற்று பிராங்பேர்ட் ஆர்ப்பாட்டத்தில பாத்தனீர்தானே. நாலு பேர் பிடிக்கிற பதாகையை மூண்டு பேர் பிடிச்சம். ‘சனநாயகம்’ எண்ட சொல்லு மடிஞ்சு தொங்குது. ஒரு ஜெர்மன்காரி வந்து, உங்கட சாப்பாட்டுக்கடை எந்தப் பக்கம் எண்டு கேக்குது.”

“பாவம், பசியோட வந்தது. நான் ஒரு கடையைக் காட்டிவிட்டன்,” என்றார் பிளோறன்ஸ்.

“முந்தி இந்த அறையில இருக்கக் கதிரை காணாது. கூட்டம் தொடங்கேக்க குத்துவிளக்கு ஏத்தினா மதச்சார்பின்மை கெட்டுப்போகும் எண்டு பாதிப்பேர் விலகிப் போட்டினம். ஏத்தாட்டிப் பண்பாடு கெட்டுப்போகும் எண்டு மிச்சப்பேர் போட்டினம்.”

அப்படிப் போனவர்கள் சும்மா இருக்கவில்லை. பக்கத்து நகரங்களில் ஆளுக்கொரு வலையமைப்பைத் தொடங்கினார்கள். எல்லாவற்றுக்கும் கொள்கை ஒன்றுதான். ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

“சனிக்கிழமைகளில பேரனை நீச்சலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்,” என்றார் சிறீதரன். “அதில எண்டாலும் ஒரு முன்னேற்றம் தெரியும்.”

தபோதரன் தன் மகள் பிரபாலினியை நினைத்துக்கொண்டிருந்தான். போன மாதம் பள்ளிக்கூடச் சஞ்சிகையில் அதிபரைக் கிண்டல் செய்து எழுதியிருந்தாள். அதிபர் கூப்பிடுகிறார் என்றதும் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. அவரோ, நன்றாக எழுதுகிறாய், அடுத்தமுறை என் பக்கத்து நியாயத்தையும் கேட்டு எழுது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஊரில் என்றால் அதே கட்டுரைக்கு வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றிருக்கும். அதைத் தபோதரனை விட நன்றாக அறிந்தவர்கள் அந்த அறையில் இல்லை.

“கலைக்கிறதெண்டா, எங்கட யாப்பு விதிப்படி பொதுச்சபையைக் கூட்டோணும் அண்ணை,” என்றான்.

பிளோறன்ஸ் அறையைச் சுற்றிப் பார்த்தார். “இதுதானே தம்பி பொதுச்சபை.”

“அப்ப வாக்கெடுப்பு வையுங்கோ.”

சிறீதரனின் முகம் சுருங்கியது. வலையமைப்பு தொடங்கிய நாளிலிருந்து அவர்தான் தலைவர். தாயகத்து நிலைமை சரியில்லாதபடியால் தேர்தல் ஒவ்வொரு வருடமும் ஒத்திவைக்கப்பட்டு வந்தது.

“சரி. கலைக்கோணும் எண்டுறவை கையைத் தூக்குங்கோ,” என்று சொல்லித் தன் கையை முதலில் தூக்கினார். பிளோறன்ஸின் கை, தூக்கியதும் தூக்காததுமாகத் தோளளவில் நின்றது.

தபோதரன் எழுந்தான்.

“அக்கா, ஆர்ப்பாட்டத்துக்குப் பொலிசிட்ட அனுமதி எடுக்கிறது ஆர்?”

“நீர்தான்.”

“பாராளுமன்ற உறுப்பினரைச் சந்திக்க டெர்மின் எடுத்துத் தந்தது ஆர்? உங்களைக் காரில ஏத்தி இறக்கிறது ஆர்?”

“நீர்தான் தம்பி. இல்லையெண்டு ஆர் சொன்னது?”

“இனியும் நானே செய்யிறன். நீங்கள் ரெண்டு பேரும் வந்து நிண்டாக் காணும்.” அவன் சிறீதரன் பக்கம் திரும்பினான். “அண்ணை, நாங்கள் கலைஞ்சா ஆருக்குச் சந்தோஷம்? அங்க கதிரையில இருக்கிறவைக்குத்தான். பாருங்கோ, சனம் எல்லாம் எங்களோட எண்டு சொல்லுவினம். என்ர பிள்ளை கதைக்கிற மாதிரி அங்க ஒரு பிள்ளை வாய் திறந்து கதைக்கிற காலம் வரவேண்டாமோ? அதுவரைக்கும் இதை மூட விடமாட்டன்.”

அந்தக் கடைசி வார்த்தைகளில் நடிப்பு இல்லை என்பது கேட்ட இருவருக்கும் தெரிந்தது.

பிளோறன்ஸ் கையை இறக்கி, மடியில் இருந்த கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார். சிறீதரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கண்ணைத் துடைத்தார்.

“நானும் கையை இறக்கிட்டன் தம்பி. உம்மைப் போலப் பத்துப் பேர் இருந்தா அந்த நாடு எப்பவோ திருந்தியிருக்கும்.”

வலையமைப்பின் வரலாற்றில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான்.

தபோதரன் இருவரையும் வீட்டில் இறக்கிவிட்டு, காரை ஒரு பூங்கா ஓரமாக நிறுத்தினான். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தொலைபேசியை எடுத்தான்.

“சேர், கலைக்கேல்லை. முந்தியிலும் மூர்க்கமா நிக்கினம். இந்த நேரம் பாத்து என்னைக் குடும்பத்தோட நாட்டுக்குத் திருப்பிக் கூப்பிட்டா, உள்ளுக்க நிண்டு உங்களுக்குத் தகவல் தர ஒருத்தரும் இல்லை.”

மறுமுனையில் இருந்த தாயகத்து உளவு அதிகாரி நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்.

“நல்ல காலம் தபோதரன். வேலையில்லை எண்டு எங்கட பிரிவையே மூடப் பாக்கினம். அடுத்த ஆர்ப்பாட்டத்துக்கு எப்பிடியாவது ஒரு இருபது பேரைச் சேர்த்துப்போடும்.”