பேக்கிங் அட்டை

வலது தோள் விண்ணென்று தெறித்தது.

நேற்று மூன்றாம் மாடிக்குச் செங்கல் ஏற்றிய வலி. கையைத் தூக்கினால் கழுத்துவரை இழுத்தது. ஞாயிற்றுக்கிழமை. படுக்கலாம்.

படுக்கவில்லை. வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் லோடு ஆட்டோவுக்கு அடியில் கிடந்தான். கால்கள் மட்டும் வெளியே.

இரண்டு வருடமாக ஒழுகுகிற எஞ்சின். வண்டி நின்ற இடமெல்லாம் கறுப்பாக ஒரு வட்டம் விழும். ஓடுகிற வண்டி ஒழுகத்தான் செய்யும் என்பான். மெக்கானிக்கிடம் விட்டால் ஒரு நாள் ஓட்டம் போகும் என்பான்.

இன்று விடிந்ததும் ஸ்பேனரை எடுத்துவிட்டான்.

நேற்று சோறு போடும்போது அவள் ஒன்று கேட்டிருந்தாள்.

"பால்பண்ணைத் தெருவுல உனக்கு என்னய்யா லோடு?"

அவன் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்துபோனான்.

அந்தத் தெருவில்தான் இந்த வாரம் அவளுக்குச் சித்தாள் வேலை. மூன்றாம் மாடியில் நின்றால் தெரு முழுக்கத் தெரியும். வேப்பமரத்தடியில் அதே கறுப்பு வட்டம், ஆயில் கறை. ஒரே நாளில் விழுந்த கறை இல்லை. கறைமேல் கறை. அம்மிக்கல் அகலம்.

வண்டி மணிக்கணக்கில் நின்றால்தான் அவ்வளவு சொட்டும்.

எதிரே நீல கேட் போட்ட வீடு. ஆள் தென்படவில்லை. கொடியில் பச்சைச் சேலை காய்ந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பாவாடை.

பாவாடை நீளத்தை வைத்து வயதைக் கணக்குப் போட்டாள். ஐந்து. ஆறும் இருக்கலாம்.

கெட்டிக்காரன். கேட் முன்னால் நிறுத்தாமல் எதிர்ச்சாரியில் நிறுத்துகிறான்.

கட்டைப் பையில் இரண்டு சேலை மடித்து வைத்திருந்தாள். இன்று பொழுது சாய்வதற்குள் அவன் வாயைத் திறக்கவில்லை என்றால் சாத்தூருக்குப் பஸ். அண்ணன் வீடு. திரும்பி வருகிற யோசனை இல்லை.

எஞ்சினின் பக்க மூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தான். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. பழைய பேக்கிங் கருகி அதில் ஒட்டிக் கிடந்தது. மூடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கிற அட்டை. அது போனால் எண்ணெய் நிற்காது.

பிளேடால் சுரண்டினான். அப்பளம் மாதிரி பொடிந்தது.

கறையை அழிக்கப் பார்க்கிறான் என்று நினைத்தாள்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு இன்று லீவு.

"காலண்டர் அட்டையக் கழட்டித் தரவா?"

"வேணாம்."

சீட்டுக்கு அடியில் கைவிட்டு வேறொரு அட்டையை உருவினான். கெட்டி அட்டை. மூலையில் மஞ்சள் தடவியிருந்தது. எழுத்துப் பக்கத்தைக் கவிழ்த்து மூடிமேல் வைத்தான்.

அவள் நகர்ந்து பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

சுத்தியலால் ஓரத்தில் சன்னமாகத் தட்டிக்கொண்டே போனான். மூடியின் விளிம்பே கத்தி. தட்டத் தட்ட அட்டை அளவாக அறுபட்டது. ஆறு போல்ட்டுக்கு ஆறு ஓட்டை. கடைசித் தட்டில் நடுத்துண்டு மூடிக்குள் விழுந்தது.

அவன் கை நீள்வதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

காதணி விழாப் பத்திரிகை. ஆவணி மாதத் தேதி. இது ஐப்பசி.

குருவம்மாள் என்கிற தர்ஷினி.

குருவம்மாள் அவனைப் பெற்றவள். செத்துப் பதினொரு வருடம்.

அதற்குக் கீழே, தாய்மாமன் என்று போட்டு, வெள்ளைச்சாமி. அவன் பெயர். அவனைக் கேட்டுப் போட்டிருக்க மாட்டார்கள்.

அவனுக்கு ஒரே தங்கச்சி. எட்டு வருடத்துக்கு முன்னால் வேற்றுச் சாதிக்காரனோடு போனவள். அன்று அவன் தலை முழுகினான். முழுகச் சொன்னவள் இவள். அவள் இந்த நடையேறினால் நான் இறங்கிவிடுவேன் என்று தெருவே கேட்கக் கத்தியவளும் இவள்தான்.

துண்டை விரலிடுக்கில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

அவன் அதைப் பார்க்கவில்லை. புதுப் பேக்கிங்கை ஆயிலில் முக்கியெடுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். கை மட்டும் நீண்டது.

"போல்ட்டக் குடு."

ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். எதிரும் புதிருமாக இறுக்கினான். ஒரே பக்கம் இறுக்கினால் அட்டை கிழிந்துவிடும்.

ஆயில் ஊற்றி ஸ்டார்ட் பண்ணினான். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். எஞ்சின் சூடேறும்வரை பார்த்தார்கள்.

ஒரு சொட்டு விழவில்லை.

இனி அவன் எங்கே நின்றாலும் தெரியாது.

"அந்த நீல கேட் வீட்டுக்குள்ள போனியா?"

"இல்ல."

முகத்தைத் துழாவினாள். முகத்தை அவள் நம்பியதில்லை. கறையை நினைத்துப் பார்த்தாள். அது எதிர்ச்சாரியில்தான் இருந்தது. கேட் பக்கம் ஒரு பொட்டுகூட இல்லை.

"காது குத்தியாச்சா?"

அவன் எஞ்சினை அணைத்தான். கையிலிருந்த எண்ணெயைக் கைலியில் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"குத்தியாச்சு. ரோட்டுலருந்து பாத்தேன். காதுல தோடு இல்ல, வேப்பங்குச்சிதான் கெடக்கு."

தோள் மறுபடி தெறித்தது. அவள் எழுந்தாள். உள்ளே கட்டைப் பை கட்டிலடியில் இருந்தது. மேலே இருந்த நல்ல சேலையை வெளியே எடுத்தாள்.

தோட்டைத் தட்டில் வைத்து ஏந்திப்போக வேண்டியவள் அத்தைக்காரி, மாமன் பெண்டாட்டி.

தாய்மாமன் போட வேண்டிய தோடு ஒரு ஜோடி. இன்னும் பாக்கி.