மரம் காய்க்கட்டும்

“ஒரு காய்கூட இல்லையேடா தம்பி.”

பின்வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அக்கா. தோளில் கைப்பை, கையில் ஒரு வாளி ஐஸ்கட்டி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துவிடுவாள். தம்பியைப் பார்க்க அல்ல. அவன் தோட்டத்து லோக்வாட் மரத்தைப் பார்க்க.

“அணில்,” என்றான் படியில் உட்கார்ந்திருந்த தம்பி, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

“போன வருஷம் பூவோட போச்சு. இந்த வருஷம் காயோட போச்சு. போன வாரம் நான் பாத்தப்போ கொத்துக் கொத்தா செங்காய் தொங்கிச்சு. கண்ணு பட்டுடும்னு வாயைத் திறக்காமப் போனேன்.”

“உனக்குக் கஷ்டமா இருந்திருக்கும்.”

சின்ன மஞ்சள் பழம் தரும், குளிர் ஊர் மரம் அது. அவன் மனைவி ஆசைப்பட்டு நட்டது. அவள் இறந்து மூன்று வருடம். கல்யாணப் பேச்சை அக்கா எடுக்கும்போதெல்லாம் எழுந்து போய்க்கொண்டிருந்தவன், ஒருநாள் உட்கார்ந்தே பதில் சொன்னான்: “அவ வெச்ச மரம் காய்க்கட்டும். பழத்தைத் தின்னுட்டு அன்னிக்கே சரின்னு சொல்றேன்.”

‘இந்த வெயிலில் அது காய்த்தால் எனக்கும் ஒரு பழம் கொடுங்கள்’ என்று சிரித்தார் நர்சரிக்காரர். அக்கா சிரிக்கவில்லை. மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டினாள். வேரைச் சுற்றி வைக்கோல் பரப்பினாள். வாராவாரம் ஐஸ் கொட்டினாள். மரம் மிரண்டுபோய்ப் பூத்தது.

“உங்க மாமா வேற திட்டறார். ஃபிரிட்ஜ்ல தண்ணி பாட்டில் வைக்க இடமில்லையாம், எல்லாம் உன் மரத்துக்கு ஐஸாம். பொண்ணு வீட்ல நான் என்னடா சொல்லுவேன்? போன தடவை ‘மரம் இன்னும் காய்க்கலை’ன்னேன். அவ அப்பா ஒரு மூட்டை உரம் கொடுத்தனுப்பினார்.”

“நல்ல மனுஷன்.”

“அது என்ன விரல்ல கட்டு?”

“கதவிடுக்கு.”

கூடத்தில் மாமியார் ஸ்டூல் மேல் நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தார். மகள் போன பிறகும், மருமகனுக்குச் சமைத்துப் போட அந்த வீட்டிலேயே தங்கிவிட்டவர்.

“இந்த வயசுல நீங்க ஏறணுமா அத்தை? இவன் எதுக்கு இருக்கான்?”

“மாப்பிள்ளைக்கு ஸ்டூல் மேல ஏறினாலே தலை சுத்தும்மா.”

அக்கா வாளியோடு மரத்தடிக்குப் போனாள். ஐஸைக் கொட்டினாள். போன வாரம் கீழ்க்கிளையில் தான் கட்டிவிட்டுப் போன எலிப்பொறியைப் பார்த்தாள். அடித்திருந்தது, எதுவும் மாட்டியிருக்கவில்லை. காய் இருந்த காம்புகளைத் தடவிப் பார்த்தாள்.

“கடிச்ச மாதிரி இல்லையே. நறுக்கின மாதிரி இருக்கு,” என்றாள், வீட்டுக்குள் கேட்கும்படி. “இது நாலு கால் அணில் இல்ல. ரெண்டு கால் அணில்.”

தம்பி அடுத்த பக்கத்தைப் புரட்டினான்.

அக்காவின் பார்வை கூடத்துப் பக்கம் போனது. “புதுசா ஒருத்தி வந்தா யாரோட அடுப்படி கைமாறுமோ, அவங்களுக்குத்தான் இந்த மரம் காய்க்கக் கூடாது. நான் யாரையும் சொல்லலைப்பா. பொதுவாச் சொன்னேன்.”

“அக்கா, போதும்.” அன்று அவன் குரல் உயர்ந்தது அப்போதுதான்.

மாமியார் ஸ்டூலிலிருந்து இறங்கினார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். ஏணியைத் தூக்கிப் போய் மரத்தில் சாய்த்து ஏறினார். கழுதைக் காது போன்ற இலைகளுக்குள் தலை மறைந்தது. இறங்கும்போது கையில் ஒரு பச்சைத் துணிப்பை. முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மஞ்சள் மஞ்சளாய் ஒரு கொத்துப் பழம்.

அக்கா பழங்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

“பிஞ்சு விட்டதுமே பையைக் கட்டிட்டேன். பொண்ணு வீட்டுக்கு ரெண்டு கொண்டுபோம்மா. உரம் அவங்களோடது.”

“உங்களைப் போய் நான்...” அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மரத்தை அண்ணாந்து பார்த்தாள். “ஆனா அத்தை, உச்சியில கட்டினா மட்டும் அணில் ஏறாதா?”

“மத்த அணில் ஏறும்மா. நீ சொன்ன ரெண்டு கால் அணிலுக்கு ஸ்டூல் மேல ஏறினாலே தலை சுத்தும்,” என்று சொல்லி, முதல் பழத்தை மருமகனின் கட்டுப் போட்ட கையில் வைத்தார் மாமியார்.