கண்ணூறு கழிக்கும் சாம்பிராணி

கோகுலராஜ் கடையைப் பூட்டிவிட்டு வரும்போது, கம்சாயினி சாம்பிராணித் தட்டோடு வாசலில் நிற்பாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். அவனைச் சுற்றிப் புகை காட்டிய பிறகுதான் உள்ளே விடுவாள்.

"வெள்ளிக்கிழமைதானே புள்ள சாம்பிராணி? உன்ட பக்திக்கு அளவில்ல" என்பான்.

"கடையில ஆயிரம் பேர்ட கண் படும். கண்ணூறு கழியட்டும்" என்பாள்.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்கின் நடுத்தண்டு வளைந்து, மூச்சு வாயால்தான். குறட்டை தாங்காமல் அவள்தான் டொக்டரிடம் கூட்டிப்போனாள். ஒப்பரேஷன் செய்து நிமிர்த்தினார்கள்.

மூன்று கிழமை ஓய்வு முடிந்து கடைக்குப் போனவன், பத்து மணிக்கே திரும்பி வந்து முற்றத்தில் நின்றான்.

"என்னங்க, மூக்கு நோகுதா?"

"இல்ல, நல்லா வேலை செய்யுது. சாம்பிராணிய எடுத்துட்டு வா."

"இந்த நேரத்திலயா?"

"ஓம். பதினொரு வருசமா ஒரு வார்த்தை சொல்லல்லயே நீ."

களுவாஞ்சிக்குடிச் சந்தையின் பெரிய கருவாட்டுக் கடைக்காரன், தன் சட்டைக் கையை இன்னொரு தடவை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தான்.

கம்சாயினி சிரிப்பை அடக்கிக்கொண்டு தட்டை எடுத்தாள்.

"சவுக்காரம் போட்டாலும் போகாத கண்ணூறுங்க அது."