நான்காவது சிரித்த முகம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அவன் மனைவி போட்டிருந்த கட்டளை ஒன்றே ஒன்றுதான். லிஃப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்கும்போது கண்மூடிய முகம் (-_-) அனுப்ப வேண்டும். மேலே ஏறி வந்ததும் சிரித்த முகம் (^_^). கூட வேலை பார்த்தவர் ஒருவர் லிஃப்டுக்கு அடியில் நசுங்கிச் செத்ததிலிருந்து இந்த ஏற்பாடு. சிரித்த முகம் வரும்வரை தையல் மெஷினில் அவளுக்குக் கால் ஓடாது.

அன்று கண்மூடிய முகம் நான்கு வந்தது. சிரித்த முகம் மூன்றுதான். ஏழு தடவை கூப்பிட்டும் அவன் எடுக்கவில்லை. தைக்காமல் உட்கார்ந்திருந்தவள் முன்னால் ஐந்தரை மணிக்கு வந்து நின்றான்.

"ஒரு மூஞ்சி அனுப்பினா விரல் தேஞ்சா போயிடும்?"

"போன் குழியில விழுந்து எண்ணெயில முங்கிடுச்சு. முழு மூஞ்சியோட நானே வந்திருக்கேனே, பத்தாதா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து போய் டீ போட்டு வந்தாள். அவன் இரண்டு வாய் குடித்திருப்பான், மேஜைமேல் அவளுடைய போன் அதிர்ந்தது. அவன் எண்ணிலிருந்து ஒரு சிரித்த முகம்.

"யாரோ எடுத்துட்டாங்க போல" என்று சொல்லிக்கொண்டே அந்த எண்ணைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தது அவள் புருஷன்.

"ஏழு தடவை கூப்பிட்டிருக்கியே, பயந்துட்டியா? உள்ள மாட்டிக்கிட்டேன். இப்பதான் ஏறினேன். அரை மணியில வந்துடறேன்."

எதிரே இருந்தவன் டம்ளரை மெதுவாக மேஜையில் வைத்தான்.

"கதவைத் தாழ் போட்டுடு" என்றான், அதே குரலில்.